ஒரு கட்டி கூடக் காணாமல் போகவில்லை

திருவண்ணாமலையில் எழுபத்தைந்திலிருந்து எண்பது வரைக்கும் மளிகைக் கடை வைத்திருந்த யாரைக் கேட்டாலும் சகாதேவனின் வேட்டியைப் பற்றிச் சொல்வார்கள். முகம் மறந்தவர்கள்கூட அந்த வேட்டியை மறந்திருக்க மாட்டார்கள். அப்படி ஒரு வெள்ளை. சைக்கிளைக் கடைவாசலில் சாய்த்துவிட்டு, கேரியரில் கட்டிய சோப்புப் பெட்டியை அவிழ்ப்பதற்கு முன்னால் வேட்டி முனையை இரண்டு விரலால் தூக்கிக் காட்டுவார்.

"பாருங்க முதலாளி. எங்க ஊட்ல இந்தச் சோப்புதான். வேற சோப்பு எங்க ஊட்டு வாசப்படி ஏறனதில்ல."

கடைக்காரர் வேட்டியைப் பார்ப்பார், சோப்பைப் பார்ப்பார். ஜோதி பார் சோப்பு. மஞ்சளும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல் ஒரு நிறம், நீளக் கட்டி, மேலே ஒட்டாத காகிதம். இதிலிருந்தா அந்த வெள்ளை வந்தது என்று யாருக்கும் ஒரு சந்தேகம் வரும். ஆனால் மனுஷன் கண்ணில் பொய் இருக்காது. சரி, ஒரு டஜன் வைத்துவிட்டுப் போ என்பார்கள்.

சகாதேவன் அதற்கு முன் பதினெட்டு வருஷம் அவலூர்ப்பேட்டை ரோட்டு எண்ணெய் மில் ஒன்றில் வேலை செய்தவர். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து மல்லாக்கொட்டை, நிலக்கடலைதான், லாரி லாரியாக வந்து இறங்கும். தெளிந்த எண்ணெய் சமையலுக்குப் போகும். அடியில் தங்கும் கசட்டு எண்ணெயும், பக்கத்துச் செக்குகளின் புங்க எண்ணெயும் டின்னில் அடைத்து மெட்ராஸ் லாரியில் ஏறும். சோப்புக் கம்பெனிக்கு என்று சொல்வார்கள். ஏற்றிவிடுவதே சகாதேவன்தான். சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் அதே மெட்ராஸ் சோப்பை வாங்கிப் போவதும் அவர்தான்.

இது ஒருநாள் அவருக்கு உறைத்துவிட்டது. மில்லில் எல்லோரையும் பிடித்து வைத்துக் கேட்க ஆரம்பித்தார்.

"நம்ம எண்ணெயை நாமளே குடுத்துட்டு, அத நாமளே ஜாஸ்தி வெலைக்கு வாங்கினு வரோம். இதுல முட்டாளு யாரு? இந்த ஊர்லயே சோப்பு போட்டா நாலு பேருக்கு இங்கயே வேல, இங்கயே சோறு. தப்பா?"

தப்பில்லைதான். இன்றைக்கு வரைக்கும் அதைத் தப்பென்று நானும் சொல்லமாட்டேன். கேட்டவர்கள் சிரித்தார்கள். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. வேலையை விட்டுவிட்டு வாணியம்பாடிக்குப் போய் ஒரு சோப்புக்கார பாயிடம் மூன்று மாசம் கிடந்து தொழில் கற்றுக்கொண்டு வந்தார். மனைவி வேதாவின் கழுத்துச் சங்கிலி போளூர் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகையாகவும் ஒரு பெரிய இரும்புக் கொப்பரையாகவும் ஆயிற்று. வேதாவே கழற்றிக் கொடுத்தாள். பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவருக்கு ஒரு பிடிப்பு வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

சோப்பு காய்ச்சுவதில் சூட்சுமம் ஒன்றுதான். எண்ணெயோடு சேர்க்கிற காஸ்டிக் சோடா. கம்மியானால் சோப்பு கொழகொழவென்று நிற்கும், ஜாஸ்தியானால் தோலைத் தின்னும். சரியான அளவு எது என்று எப்படித் தெரியும்? பாய் சொல்லிக் கொடுத்தது இதுதான்: "சுண்டுவிரலால தொட்டு நாக்கு நுனில வை. லேசா சுர்ருனு கடிச்சா போதும். கடிக்கலன்னா இன்னும் கொஞ்சம் ஊத்து."

சகாதேவன் அப்படியே செய்தார். காலையில் மூன்று தரம், மத்தியானம் மூன்று தரம், வருஷத்தில் முந்நூறு நாள். கடிக்கிற வரைக்கும் ஊற்றுவார். கடித்ததும் நிறுத்துவார். குருவாக்குக்கு மேல் அவருக்கு வேறு வாக்கு கிடையாது.

முதல் வருஷம் வேதாவே கொப்பரையைக் கிண்டினாள், கம்பியால் கட்டிகளாக அறுத்தாள், காகிதம் சுற்றினாள். இரண்டாம் வருஷம் கை வெடித்துப் பாளம் பாளமாகப் போனது. நீ வீட்டோடு இரு என்று சொல்லிவிட்டு சகாதேவன் மூன்று பெண்களை வேலைக்கு வைத்தார். அவர்களில் மூத்தவள் மணியம்மாள். புருஷன் இல்லை, இரண்டு பெண் குழந்தைகள். மற்ற இருவரும் அக்காள் தங்கை. கல்லுடைக்கப் போய்க்கொண்டிருந்தவர்கள், நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்ததே என்று வந்தார்கள். கையில் துணி சுற்றிக்கொண்டு வேலை செய்வார்கள். சனிக்கிழமை தவறாமல் கூலி கொடுத்தார் சகாதேவன். தான் சாப்பிட்டாரோ இல்லையோ, அதில் ஒருநாள் தவறியதில்லை.

அந்த மூன்று பேரைப் பற்றி அவருக்கு ஒரு பெருமை. கடைக்குக் கடை சொல்வார்.

"அரிசி மண்டியில அரிசி நிக்காது, பீடிக் கம்பெனியில பீடி நிக்காது. நம்ம ஷெட்ல ஒரு கட்டி கூட காணாம போனதில்ல முதலாளி. அப்பேர்ப்பட்டவங்க நம்ம பொம்பளைங்க."

இதைக் கேட்கும் கடைக்காரர்கள் தலையாட்டுவார்கள். பிறகு அலமாரியிலிருந்து போன மாசம் வாங்கிய டஜனில் எட்டை எடுத்துத் திருப்பிக் கொடுப்பார்கள். வாங்கியவர்கள் மறுமுறை வாங்குவதில்லை. டவுனில் விற்காமல் போனதும் சகாதேவன் செங்கம் பக்கம் போனார். அங்கேயும் முதல் மாசம் விற்றது, இரண்டாம் மாசம் நின்றது. அப்புறம் தண்டராம்பட்டு. சைக்கிள் வருஷா வருஷம் தூரமாகப் போய்க்கொண்டே இருந்தது. எல்லாம் புதிதாக வந்த அந்தத் துணி துவைக்கிற பாக்கெட் பவுடர் செய்கிற வேலை என்றார் அவர். ரேடியோவில் பாட்டுப் பாடி ஜனங்களை மயக்கிவிட்டான் என்று திட்டுவார். தன் சோப்பின் மேல் அவருக்கு ஒரு பொட்டுச் சந்தேகமும் வரவில்லை. எப்படி வரும்? இடுப்பில் சாட்சி கட்டியிருக்கிறதே.

எண்பதாம் வருஷம் ஆவணியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வியாபாரிகள் சங்கத்தார் கூட்டம் போட்டார்கள். வேலூரிலிருந்து பேச ஒருவர் வந்தார். நம் நாட்டுப் பொருளையே வாங்குங்கள், ஊருக்கு ஊர் சிறுதொழில் தொடங்குங்கள், அப்போதுதான் தேசம் நிமிரும் என்று ஒன்றரை மணி நேரம் பேசினார். நல்ல பேச்சு. பேசுகிறவர்களுக்குக் காஸ்டிக்கை நாக்கில் வைக்கிற வேலை இல்லை பாருங்கள். பின்வரிசையில் ஒரு சின்னக் கடைக்காரர் எழுந்து, பாக்கெட் பவுடரும் இந்தியாவில் செய்ததுதானே, அதை வாங்கினால் தேசம் நிமிராதா என்று கேட்டார். பேச்சாளர் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

அந்த மேடையில் சகாதேவனை ஏற்றி ஒரு துண்டு போர்த்தினார்கள். இறங்கி வருகையில் அருணகிரி அவரைக் கையைக் காட்டி நிறுத்தினார். அருணகிரிக்குத் தேரடி வீதியில் மூன்று மாடி லாட்ஜ். வேட்டி முனையைத் தானே தூக்கிப் பார்த்தார்.

"இது உன் சோப்புல தோச்சதா?"

"ஆமாங்க."

"சத்தியமா?"

சகாதேவன் திரும்பி, மண்டப வாசல் வழியே தெரிந்த மலையைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"மலை மேல சத்தியங்க."

இந்த ஊரில் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. அருணகிரியும் கேட்கவில்லை. கார்த்திகை தீபத்துக்கு லாட்ஜின் அத்தனை படுக்கை விரிப்பும் ஜோதி சோப்பில்தான் வெளுக்கப் போகிறது, சரியாக வந்தால் மற்ற லாட்ஜ்காரர்களிடமும் நானே சொல்கிறேன் என்றார். சகாதேவனுக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. ஷெட்டில் அப்போது கட்டிகள் விற்காமல் சுவரோடு அடுக்கிக் கிடந்தன. இன்னும் நாலு மாசம் இப்படிப் போனால் மூடியாக வேண்டும். இந்த ஒரு வேலை நிலைத்தால் ஷெட் நிலைக்கும், அந்தப் பெண்கள் வீட்டு அடுப்பும் எரியும். வீட்டுக்கு வந்து சொன்னபோது வேதா கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டு, அவ்வளவு பெரிய வேலை நமக்கு எதுக்குங்க என்றாள். இவளுக்கு எப்பவும் பயம்தான் என்று அவர் சிரித்தார்.

லாட்ஜுக்குத் துணி வெளுக்கிறவர் தசரதன். வேங்கிக்கால் ஏரிக்கரையில் அவருக்குத் துவைக்கிற கல். தீபத்துக்கு எட்டு நாள் முன்னால் முதல் மூட்டையைத் துவைத்துவிட்டு நேராக ஷெட்டுக்கு வந்தார். உள்ளங்கையை விரித்துக் காட்டினார். சிவந்து கொப்புளித்திருந்தது.

"கை எரியுதுங்க. முப்பது வருஷமா தோய்க்கிறேன், இப்பிடி எரிஞ்சதில்ல. காஸ்டிக் ஜாஸ்தியா கீது."

சகாதேவன் ஒரு கட்டியை எடுத்து, விரலை நனைத்துத் தேய்த்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடிச் சுவைத்தார்.

"ஒண்ணுமே இல்லியே தசரதா."

தசரதன் அதே கட்டியைத் தொட்டுத் தன் நாக்கில் வைத்தார். அடுத்த நொடி திரும்பி வாசலில் துப்பினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தொட்டித் தண்ணீரை மூன்று தரம் கொப்பளித்தார். மணியம்மாளும் மற்ற இருவரும் அறுக்கிற வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு குனிந்து மறுபடி அறுக்க ஆரம்பித்தார்கள்.

அங்கேயாவது மனுஷனுக்குப் புத்தியில் பட்டிருக்க வேண்டும். படவில்லை. பவுடர்காரன் இவனுக்கும் ஏதோ கொடுத்துவிட்டான், நடிக்கிறான் என்று நினைத்தார். வாய்விட்டும் சொன்னார். தசரதன், "நான் தோச்சிக் குடுத்துடறேங்க. அப்புறம் என்ன கேக்காதீங்க" என்று சொல்லிப் போனார்.

தீபத்தன்று ஊர் கொள்ளவில்லை. ஆந்திராவிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த கூட்டத்தில் லாட்ஜ் நடையில்கூட ஆட்கள் படுத்திருந்தார்கள். அவசரத்தில் அலசியும் அலசாமலும் காயப்போட்ட விரிப்புகள் எல்லா அறையிலும் கிடந்தன. காலையில் இரண்டு பேர் உடம்பெல்லாம் அரிக்கிறது என்று வந்தார்கள். பத்து மணிக்குள் முப்பது பேர். மத்தியானம் இரண்டாம் மாடியிலிருந்து ஒரு தகப்பன் கைக்குழந்தையைக் குப்புறத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். குழந்தையின் முதுகு முழுக்கச் சிவந்து, தோல் வெந்த மாதிரி உரிந்திருந்தது. அந்தக் குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் அதன் அழுகையைத் தேரடி வீதி முழுக்கக் கேட்டது.

ஆள் விட்டு சகாதேவனைக் கூப்பிட்டார் அருணகிரி. கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவர் வந்து சேர்ந்தபோது விரிப்புகள் வாசலில் குவியலாகக் கிடந்தன. அருணகிரி அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் வேட்டியைத்தான் பார்த்தார்.

"அந்தக் கொழந்த முதுக பாத்தியா? உன் வேட்டி மட்டும் எப்பிடிய்யா இப்பிடி கீது? மலை மேல சத்தியம் பண்ணியே."

சகாதேவன் திரும்பினார். வீட்டுக்கு நடந்தார். எதிரே கூட்டம் கூட்டமாக ஜனங்கள் மலையைப் பார்க்க ஓடுகிறார்கள், இவர் ஒருவர் மட்டும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறார். வேதா வாசலில் அகல் விளக்குகளுக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"வேதா, என் வேட்டிய எதுல தோய்க்கிற?"

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள். விறகு அடுக்கின் பின்னாலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்துத் திறந்தாள். பாக்கெட் பவுடர். பாதி தீர்ந்திருந்தது. டப்பாவின் அடியில் காலிப் பாக்கெட்டுகள் மடித்து அடுக்கியிருந்தன.

"எத்தினி நாளா?"

"நாலு வருஷமா. பூ கட்டி விக்கிற காசுல வாங்கினேன்." அவள் என்றைக்காவது சொல்லியாக வேண்டும் என்று தினமும் மனசுக்குள் சொல்லிப் பார்த்தவள். "நம்ம சோப்பத் தொட்டா என் கை வெடிச்சி ரத்தம் வருது. வேட்டி பழுப்பா போவுது. நாலு கடை ஏறி இறங்கற மனுஷன், பழுப்பு வேட்டியில எப்பிடி அனுப்பறது? அதான் தோச்சேன். அதையே தூக்கி ஊருக்குக் காட்டுவீங்கன்னு நான் கண்டேனா?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"உங்க நாக்கு செத்துப்போயி மூணு வருஷம் ஆவுதுங்க. ஒருநாள் கொழம்புல ரெண்டு தரம் உப்பு போட்டுட்டேன். வாயில வெக்க முடியல. நீங்க முழுசா தின்னுட்டு, நல்லாருக்குதுன்னு எழுந்து போனீங்க. அன்னைக்கு அடுப்பாண்ட உக்காந்து அழுதேன். இத எப்பிடி உங்ககிட்ட சொல்லுவேன்? அந்த ஷெட்ட விட்டா உங்களுக்கு இன்னா கீது?"

தெருவில் அரோகரா என்று சத்தம் எழுந்தது. மலை உச்சியில் தீபம் ஏற்றிவிட்டார்கள். ஊரே கைகூப்பி நிற்கிற நேரத்தில், சகாதேவன் சமையல்கட்டுக்குப் போய் உப்பு ஜாடியைத் திறந்து ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்தார். இன்னொன்றை வைத்தார். ஒரு கைப்பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். பிறகு அங்கேயே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

நாக்கு கடிக்கிற வரைக்கும் ஊற்று என்று பாய் சொன்னார். நாக்கே மரத்துப்போனால் எதுவரைக்கும் ஊற்றுவது என்று அவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, நூறு கிலோ எண்ணெய்க்கு இரண்டு கிலோ காஸ்டிக் ஜாஸ்தி போய்க்கொண்டிருந்திருக்கிறது.

மறுவாரம் அவர் தசரதன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். பெரிய மனசு அந்த மனுஷனுக்கு, வந்தார். கொப்பரைப் பக்கத்தில் உட்கார்ந்து தன் நாக்கைக் கொடுத்தார். இரண்டு கிலோ குறைத்துக் காய்ச்சியதில் அருமையான சோப்பு வந்தது. கை எரியவில்லை, நுரை கட்டியது, துணி சுத்தமாயிற்று. ஐந்து வருஷத்தில் ஜோதி பார் சோப்பு சோப்பாக வந்தது அந்த ஒரு தடவைதான்.

யார் வாங்குவார்கள்? குழந்தையின் தோலை உரித்த சோப்பு என்று செங்கம் வரைக்கும் பேர் போய்விட்டது. காகிதத்தைப் பார்த்ததும் கடைக்காரர்கள் கையைக் காட்டி நிறுத்தினார்கள். துண்டு போர்த்திய சங்கத்துக்காரர்கள் எதிரே வந்தால் அடுத்த சந்தில் திரும்பினார்கள். தை மாசம் ஷெட் மூடியாயிற்று. கொப்பரை பழைய இரும்புக்குப் போனது. மணியம்மாளும் அக்காள் தங்கை இருவரும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள். கசட்டு எண்ணெய் பழையபடி மெட்ராஸ் லாரியில் ஏறியது. சகாதேவன் ஒரு மளிகைக் கடையில் சரக்கு இறக்கும் வேலைக்குச் சேர்ந்தார். பாக்கெட் பவுடர் பெட்டிகளும் அவர் தோளில்தான் இறங்கின.

மீந்த நல்ல சோப்பு இரண்டு மூட்டை வீட்டு மூலையில் இருந்தது. வேட்டியை இனி நானே தோய்த்துக்கொள்கிறேன் என்று வேதாவிடம் சொல்லிவிட்டார். அந்த வேட்டி சுத்தமாக இருந்தது. ஆனால் பழைய வெள்ளை இல்லை.

எண்பத்து மூன்றாம் வருஷம் தீபத்துக்கு மணியம்மாள் ஊருக்கு வந்தவள் அவர்களைப் பார்க்க வந்தாள். சிமெண்டு தின்ற கை, முன்னைவிட மோசம். இளைத்திருந்தாள். பெரிய பெண்ணும் சித்தாள் வேலைக்கு வருகிறாள், படிப்பை நிறுத்தியாயிற்று என்றாள். வேதா சோறு போட்டாள். சாப்பிட்டு முடித்தபோது சகாதேவன் மூலையிலிருந்து ஒரு கட்டியை எடுத்துவந்து நீட்டினார்.

"வெச்சிக்கம்மா. நாலு வருஷம் வேல செஞ்சீங்க. ஒரு கட்டி எடுத்ததில்ல. உங்க மூணு பேரு மாதிரி நாணயமானவங்கள நான் பாத்ததில்ல."

மணியம்மாள் கையை நீட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

"அண்ணே, நாணயம் இல்லண்ணே. எங்களுக்குத் தெரியும். அந்த சோப்ப ஊட்டுக்கு எடுத்துகினு போயி இன்னா பண்றது? ரெண்டாம் வருஷத்துலருந்தே எங்க மூணு பேருக்கும் தெரியும்."

சகாதேவன் நீட்டிய கையோடு நின்றார்.

"தசரதன் வந்து துப்பனப்போவாவது சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னா நீங்க மூடிடுவீங்கன்னு பயந்தோம்ணே. அந்த நாலு வருஷந்தான் என் புள்ளைங்க மூணு வேளை தின்னுச்சிங்க. அது கெட்டுடுமேன்னு வாய மூடிகினு இருந்தோம்."

அவள் கட்டியை வாங்கிக்கொண்டாள். பழைய ஞாபகத்தில் விரலை எச்சிலில் நனைத்துத் தேய்த்து நாக்கு நுனியில் வைத்தாள். துப்புவதற்குத் தயாராக முகத்தைச் சுளித்தவள், சுளிப்பு மாறி, இன்னொரு தரம் தொட்டு வைத்துப் பார்த்தாள்.

"இது எரியலியேண்ணே."

"ரெண்டு கிலோ காஸ்டிக் கம்மி பண்ணேம்மா."

"ரெண்டு கிலோவா?" என்றாள் மணியம்மாள். கையிலிருந்த கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அவ்ளோதானாண்ணே?"

சகாதேவன் தலையை ஆட்டினார். சமையல்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த வேதாவின் கை நின்றுவிட்டது.